ஜிஹாது என்பது யாது?

சென்ற சம்பா அறுவடை முடிந்திருந்த சமயம். பாபநாசத்துக்கு அடுத்த ஓர் ஊரில் ஜும்ஆ தொழுதுவிட்டு வெளியே வரும்போது, நமக்குப் பழக்கமான விவசாயப் பெரியவர் ஒருவர் நம் கையைப் பற்றிக்கொண்டார். கூட்டம் கலையும்வரை காத்திருந்து, ஹவுளின் ஓரமாக நம்மை அழைத்துச் சென்று, தாழ்ந்த குரலில் தம் மனத்திலிருந்ததைச் சொன்னார்.

அவருடைய மகன் தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கிறான். நல்ல பிள்ளை, தொழுகையாளி. சில மாதங்களாக யாரோ பேசும் பயான்களைச் செல்போனில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒருநாள் களத்துமேட்டில் நின்று தகப்பனாரிடம் கேட்டிருக்கிறான்: "அத்தா, உலகத்தில் முஸ்லிம்கள் படுகிற பாடு இப்படி இருக்க, நாம் நெல்லும் உளுந்தும் விதைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, ஜிஹாது நம்மீது கடமையில்லையா? கடமையை விட்டுவிட்ட வீட்டில் நான் எப்படி இருப்பது?"

"அதே பிள்ளையிடம் ஹஜ்ரத், காலேஜில் கூடப் படிக்கிற ஒருவன், 'உங்கள் மார்க்கத்தில் ஜிஹாது என்றால் மற்றவர்களைக் கொல்வதுதானே?' என்று கேட்டானாம். இவன் பதில் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டான். எனக்கும் தெரியவில்லை. இவன் கேட்டதற்கும் பதில் இல்லை, அவன் கேட்டதற்கும் பதில் இல்லை. ராத்திரி தூக்கமே வருவதில்லை" என்றார் பெரியவர்.

நாம் யோசித்துப் பார்த்தோம். செல்போனில் பேசும் அந்தப் பேச்சாளரும், கல்லூரியில் ஏளனமாகக் கேட்ட அந்த மாணவனும் வெவ்வேறு துருவங்களில் நிற்பவர்கள். ஆயினும் ஜிஹாது என்றால் கொலை என்பதே இருவரும் கொண்டிருக்கும் பொருள். ஒருவர் அதைப் புகழ்கிறார், மற்றவர் இகழ்கிறார். சொல்லின் பொருளை இருவருமே அறியவில்லை. இடையில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு அப்பொருளைச் சொல்லிக் கொடுக்காதது நம் குற்றம். ஆகவே, இம்மாதம் இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

சொல்லும் பொருளும்

'ஜஹ்து' என்னும் வேரிலிருந்து பிறந்த சொல் ஜிஹாது. ஒரு காரியத்துக்காக இயன்ற சக்தி முழுவதையும் செலவிட்டுப் பாடுபடுதல், எதிர்ப்பைத் தாங்கி விடாது முயலுதல் என்பன அதன் பொருள். போர் புரிதலுக்கு அரபு மொழியில் 'கிதால்' என்னும் தனிச்சொல் உண்டு. திருக்குர்ஆன் இரண்டு சொற்களையும் ஆள்கிறது. போர் என்பது ஜிஹாதில் அடங்கும் ஒரு வகை. ஆனால் ஜிஹாது அனைத்தும் போர் அன்று. நெல் தானியம்தான், அதற்காகத் தானியம் எல்லாம் நெல் ஆகிவிடாது அன்றோ?

இதற்குத் திருமறையிலேயே தெளிவான சான்றுகள் இருக்கின்றன. ஸூரத்துல் ஃபுர்கான் மக்காவில் அருளப்பெற்றது. அப்போது முஸ்லிம்களிடம் வாளும் இல்லை, படையும் இல்லை, போருக்கு அனுமதியும் இல்லை. அந்த ஸூராவில்தான் (25:52), இந்தக் குர்ஆனைக் கொண்டே பெரும் ஜிஹாது செய்யுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஆணை பிறந்தது. 'பெரும் ஜிஹாது' என்று இறைவனே பெயரிட்டது, ஒரு வேதத்தை ஏந்திப் பொறுமையோடு மக்களிடம் பேசுவதையே ஆகும்.

இன்னும் வியப்பான இடம் ஒன்றுண்டு. ஸூரத்துல் அன்கபூத்திலும் (29:8) ஸூரத்து லுக்மானிலும் (31:15), இணைவைக்கும்படி பிள்ளையை வற்புறுத்தும் பெற்றோரைப் பற்றிக் கூறப்படுகிறது. அவர்களுடைய அந்த வற்புறுத்தலைக் குறிக்க அல்லாஹ் ஆண்டிருக்கும் வினைச்சொல் ஜிஹாதின் வினைச்சொல்லேதான்! அப்பெற்றோர் வாளா எடுத்தார்கள்? இல்லை, அழுதார்கள், கெஞ்சினார்கள், பட்டினி கிடந்தார்கள். விடாமுயற்சி என்பதே சொல்லின் அடிப்பொருள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அத்தகைய பெற்றோரிடத்தும், அவ்விஷயத்தில் மட்டும் கீழ்ப்படியாமல், உலக வாழ்வில் அவர்களோடு அழகிய முறையில் நடந்துகொள்ளும்படியே லுக்மான் ஸூராவின் வசனம் பணிக்கிறது.

மக்காவின் 13 ஆண்டுகள்

நபித்துவம் கிடைத்ததிலிருந்து ஹிஜ்ரத் வரை ஏறத்தாழ 13 ஆண்டுகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவில் வாழ்ந்தார்கள். பிலால் (ரலி) அவர்கள் சுடுமணலில் கிடத்தப்பட்டார்கள். அன்னை ஸுமைய்யா (ரலி) அவர்கள் கொல்லப்பட்டார்கள். முஸ்லிம்கள் ஊர்விலக்கம் செய்யப்பட்டுப் பசியால் வாடினார்கள். அத்தனைக்கும் பிறகும் கைகளைத் தடுத்துக்கொள்ளுங்கள், தொழுகையை நிலைநாட்டுங்கள் என்பதே கட்டளையாக இருந்தது. அவ்வாண்டுகளில் ஜிஹாது நடக்கவில்லை என்று எவரேனும் துணிந்து சொல்ல முடியுமா?

ஹிஜ்ரத்துக்குப் பிறகே போருக்கு அனுமதி வந்தது. ஸூரத்துல் ஹஜ்ஜின் 39, 40 வசனங்கள் அந்த அனுமதியின் காரணத்தையும் சேர்த்தே கூறுகின்றன: அநீதி இழைக்கப்பட்டவர்கள், வீடுவாசலை விட்டு நியாயமின்றி விரட்டப்பட்டவர்கள் என்பதற்காக அது தரப்பட்டது. மனிதரில் சிலரைச் சிலரைக்கொண்டு அல்லாஹ் தடுக்காவிட்டால், பள்ளிவாசல்கள் மட்டுமல்ல, துறவிகளின் மடங்களும் கிறிஸ்தவ ஆலயங்களும் யூதர்களின் வழிபாட்டு இடங்களும் இடிக்கப்பட்டுவிடும் என்று அதே இடத்தில் சொல்லப்படுகிறது. பிறர் வணங்கும் இடங்களும் காக்கப்பட வேண்டும் என்னும் எண்ணத்தோடு தொடங்கிய அனுமதியைக் கொண்டு, பிறர் வணங்கும் இடத்தில் குண்டு வைக்க வழிதேடுவோரை என்னவென்பது!

நஃப்ஸோடு போராடுதல்

இமாம் ராகிப் இஸ்பஹானி (ரஹ்) அவர்கள், குர்ஆனின் சொற்களுக்குத் தாம் எழுதிய அகராதியில் ஜிஹாதை மூன்றாகப் பகுக்கிறார்கள்: வெளிப்படையான பகைவனோடு போராடுவது, ஷைத்தானோடு போராடுவது, தன் நஃப்ஸோடு போராடுவது. முஜாஹிது என்பவர் தம் நஃப்ஸோடு போராடுபவரே என்னும் கருத்திலமைந்த ஹதீது திர்மிதியில் பதிவாகியிருக்கிறது.

இங்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிறிய ஜிஹாதிலிருந்து பெரிய ஜிஹாதுக்குத் திரும்பிவிட்டோம் என்று ஒரு போரிலிருந்து மீளும்போது நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அந்த அறிவிப்பின் ஸனது பலவீனமானது என்று ஹதீதுக் கலை வல்லுநர்கள் கூறியுள்ளார்கள். ஆகவே அதை நாயகத்தின் வாக்கென்று உறுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதன் கருத்துக்கு மேலே சொன்ன திர்மிதி ஹதீதே போதுமானது. உண்மையை நிறுவப் பலவீனமான ஊன்றுகோல் எதற்கு?

நஃப்ஸின் சூழ்ச்சி நுட்பமானது. நம் வயல்களில் நெற்பயிரைப் போலவே தோற்றமளிக்கும் களை ஒன்று முளைக்கிறது. நாற்றோடு நாற்றாகப் பச்சைப் பசேலென்று நிற்கும். பழகிய கண்ணுக்குத்தான் வேறுபாடு தெரியும். பிடுங்காமல் விட்டால் பயிருக்குரிய எருவை அதுவே உண்டு கொழுக்கும். வணக்கத்தினூடே முளைக்கும் முகஸ்துதி அத்தகையது. மறுமையில் முதலில் விசாரிக்கப்படும் மூவரைப் பற்றி முஸ்லிமில் ஒரு ஹதீது உண்டு. அவர்களுள் ஒருவர் போர்க்களத்தில் உயிர் துறந்தவர். வீரன் என்று மக்கள் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அவர் போரிட்டார் என்று தீர்ப்பாகி, நரகில் எறியப்படுவார். எண்ணத்தில் களை இருந்தால் ஷஹீதின் தோற்றம்கூடக் காப்பாற்றாது. வீடியோவில் தன் முகம் ஆயிரம் பேரால் பார்க்கப்பட வேண்டும் என்று ஆசைப்படும் இளைஞன் இந்த ஹதீதை ஒருமுறை ஆழ்ந்து சிந்திக்கட்டும்.

மார்கழிப் பனியில் போர்வையை விலக்கி எழுந்து சுப்ஹுத் தொழுவது ஜிஹாது. கோபம் பொங்கும்போது நாவைக் கட்டுவது ஜிஹாது. வரப்பை அரை அடி வெட்டிப் பக்கத்து நிலத்துக்காரனுடையதைச் சேர்த்துக்கொள்ள மனம் தூண்டும்போது மண்வெட்டியைக் கீழே போடுவதும் ஜிஹாதே. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக அபகரித்தவர் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாகப் பூட்டப்படும் என்ற எச்சரிக்கை புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. வரப்புத் தகராறுகளில் தலைமுறைகளை இழந்த நம் ஊர்களுக்கு இது தெரிய வேண்டாமா?

வீட்டில் இருக்கும் ஜிஹாது

அந்தப் பெரியவரின் மகனுக்கு நேரான பதில் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து ஜிஹாதுக்கு அனுமதி கேட்டார். அவருடைய பெற்றோர் உயிருடன் இருக்கிறார்களா என்று நாயகம் விசாரித்தார்கள். ஆம் என்றார். அப்படியானால் அவர்களிடத்திலேயே ஜிஹாது செய்யும்படி சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அழைப்பது இறைத்தூதர், படை நாயகத்தின் படை, போர் நியாயமான போர். அதற்கே பெற்றோரின் பணிவிடை முந்தியது என்றால், பெயர் தெரியாத ஒருவன் எங்கோ இருந்து அழைக்க, பெற்றோருக்குத் தெரியாமல் புறப்படுவது எந்த மார்க்கம்?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஜிஹாதைப் பற்றிக் கேட்டபோது, ஒப்புக்கொள்ளப்பட்ட ஹஜ்ஜே பெண்களுக்குச் சிறந்த ஜிஹாது என்று பதில் கிடைத்தது. விதவைக்காகவும் ஏழைக்காகவும் பாடுபடுபவர் இறைவழியில் ஜிஹாது செய்பவரைப் போன்றவர் என்பதும் ஸஹீஹான ஹதீது.

மற்றொரு நிகழ்ச்சி தபரானியில் வருகிறது. உடல் வலிமை வாய்ந்த ஒருவர் விடியற்காலையில் உழைக்கப் போவதைக் கண்ட சஹாபாக்கள், இந்த வலிமை அல்லாஹ்வின் பாதையில் பயன்படக் கூடாதா என்று அங்கலாய்த்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் திருத்தினார்கள்: சிறு பிள்ளைகளுக்காக, வயது முதிர்ந்த பெற்றோருக்காக, பிறரிடம் கையேந்தாமல் தன்னைக் காத்துக்கொள்வதற்காக அவர் புறப்பட்டிருந்தால், அவர் அல்லாஹ்வின் பாதையிலேயே இருக்கிறார், பெருமைக்காகப் புறப்பட்டிருந்தால் ஷைத்தானின் பாதையில் இருக்கிறார்.

ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா, கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்று வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்து, குறுவை போனால் சம்பாவுக்காகவேனும் விதை தேடும் உழவர் அல்லாஹ்வின் பாதையில் இருக்கிறார். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்து, தங்கைகளின் நிக்காஹுக்காகச் சேர்க்கும் சபுராளி அல்லாஹ்வின் பாதையில் இருக்கிறார். அவர் இல்லாத வீட்டில் பிள்ளைகளை ஓதவைத்து, மாமனார் மாமியாரைக் கவனித்து, மானத்தோடு குடும்பம் நடத்தும் அந்தப் பெண்மணியும் அப்படியே. நெல் விதைப்பது ஜிஹாதுக்கு மாற்று என்று அப்பிள்ளை நினைத்தான். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்று நபிமொழி கூறுவதை அவன் அறியான்.

பொருளால் செய்யும் ஜிஹாது

திருக்குர்ஆன் பெரும்பாலான இடங்களில் உயிருக்கு முன்னதாகப் பொருளைக் குறிப்பிட்டு, பொருளாலும் உயிராலும் ஜிஹாது செய்யுமாறு அழைக்கிறது. உயிரைத் தருகிறேன் என்று வாயால் சொல்வது எளிது. பணப்பையை அவிழ்ப்பது கடினம்.

தஞ்சைத் தரணியில் நாம் மறந்துவிட்ட ஒரு கடமை விளைச்சலின் ஜகாத்து. மழையாலோ ஓடும் நீராலோ பாய்ந்து விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு. இறைத்துப் பாய்ச்சி விளைந்ததில் இருபதில் ஒரு பங்கு என்பது புகாரியின் ஹதீது. அக்காலத்தில் ஒட்டகத்தால் இறைத்தார்கள். இக்காலத்தில் பம்புசெட்டால் இறைக்கிறோம். கால்வாய் நீரும் போர் தண்ணீரும் கலந்து பாய்ந்தால் எவ்வளவு, எந்த அளவு விளைந்தால் கடமை, இந்நாட்டு நிலங்களின் நிலை என்ன என்பவற்றில் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளிடையிலும் உலமாக்களிடையிலும் விளக்கங்கள் வேறுபடும். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். கேட்காமலே இருந்துவிடுவதுதான் நஃப்ஸின் வெற்றி. களத்தில் நெல் குவிந்து கிடக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் நடக்கும் போராட்டம், பல போர்க்களங்களைவிடக் கடுமையானது.

அடுத்து, கூலி. வியர்வை உலர்வதற்கு முன் கூலியைக் கொடுக்கும்படி நபிமொழி உள்ளது. வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு மறுமையில் தானே எதிர்வாதி என்று அல்லாஹ் கூறுவதாக ஹதீது குத்ஸியும் உள்ளது. அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கூலித் தகராறின் முடிவில், குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த விவசாயத் தொழிலாளர் குடும்பத்தார் 44 பேர் தீக்கிரையானார்கள். பெண்களும் குழந்தைகளுமே அவர்களில் மிகுதி. இந்த மண்ணில் நிலம் வைத்திருக்கும் எவரும், எம்மதத்தவராயினும், அதை மறக்கலாகாது. நடவு நட்ட பெண்ணுக்கு அன்று மாலையே முழுக் கூலியைக் கொடுத்தனுப்பும் முஸ்லிம், தம் மார்க்கத்தை வாய்திறவாமலே எடுத்துரைக்கிறார்.

மூன்றாவது, கைக்கூலி. மஹர் கொடுத்து மணக்க வேண்டிய மாப்பிள்ளை, பெண் வீட்டாரிடம் ரொக்கமும் நகையும் பேசி வாங்குவது மார்க்கத்தில் எங்கும் இல்லாதது. ஒரு குமரைக் கரைசேர்க்க நன்செயை விற்றவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! ஜிஹாதில் ஆவல் கொண்ட இளைஞனே, உன் தாயாரிடம் சென்று, "அம்மா, எனக்குக் கைக்கூலி வேண்டாம், பேசினால் நிக்காஹுக்கு உட்கார மாட்டேன்" என்று சொல்லிப் பார். அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது அப்போது தெரியும்.

நாவாலும் பேனாவாலும்

அநீதி செய்யும் ஆட்சியாளன் முன்னிலையில் நியாயமான சொல்லைச் சொல்வது மிகச் சிறந்த ஜிஹாது என்று அபூதாவூதிலும் திர்மிதியிலும் ஹதீது உள்ளது. கவனியுங்கள்: நபிமொழி 'சொல்' என்கிறது.

இதற்கு நம் மண்ணிலேயே உதாரணம் உண்டு. கும்பகோணத்தை அடுத்த பகுதியில் 1885இல் பிறந்தவர் பா. தாவூத் ஷா. ஆங்கில அரசில் சப் மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். கிலாபத், ஒத்துழையாமைக் கிளர்ச்சிகள் எழுந்தபோது, 1921இல் அப்பதவியை உதறினார். பின்னர் 'தாருல் இஸ்லாம்' என்னும் பத்திரிகையைப் பல்லாண்டுகள் நடத்தி, நல்ல தமிழில் மார்க்கத்தைப் படிக்கும் பழக்கத்தை முஸ்லிம் வீடுகளில் உண்டாக்கினார். அவருடைய கருத்துகள் சிலவற்றை உலமாக்கள் வன்மையாக மறுத்தார்கள். அம்மறுப்புகளும் எழுத்தாலும் பேச்சாலுமே நடந்தன. 1969இல் அவர் காலமானார். சம்பளத்தைத் துறந்து பேனாவைப் பிடித்த அந்தச் செயலுக்கு எவர் இரத்தமும் தேவைப்படவில்லை.

1955இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரியை எழுப்பியவர்கள் செய்ததும் இவ்வகைப் பணியே. கடலோரத்தில் கல்லூரி எழுப்பிய அவர்கள் அறியாமையோடு போராடினார்கள்.

போர் எனும் ஜிஹாது

ஜிஹாதில் போரே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய எதுவும் நம் மார்க்கத்தில் இல்லை. உலகத்தில் எந்த நாடும் தன்னைக் காக்கப் படை வைத்திருக்கிறது. இஸ்லாம் போரை அனுமதித்தது. அனுமதித்ததோடு அதற்கு வேலியும் இட்டது.

முதலாவது, காரணம். தம்மோடு போர் செய்வோருடன் மட்டும் போரிடவும், வரம்பு மீறாதிருக்கவும் 2:190 பணிக்கிறது. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்று 2:256 அறிவிக்கிறது. நம்மோடு மார்க்கத்திற்காகப் போரிடாத, நம்மை வீட்டை விட்டு விரட்டாத மக்களுக்கு நன்மையும் நீதியும் செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை என்று 60:8 கூறுகிறது.

இரண்டாவது, தலைமை. தலைவரே கேடயம், அவருக்குப் பின்னிருந்தே போரிடப்படும் என்பது நபிமொழி. போரை அறிவிப்பது ஆட்சிப் பொறுப்புடையவரின் காரியம். தனிமனிதனோ குழுவோ தானாக அறிவித்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது, முறை. பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஷாம் நாட்டுக்குப் படை அனுப்பியபோது ஹஜ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் தளபதிக்கு இட்ட கட்டளைகள் முவத்தாவில் உள்ளன: பெண், குழந்தை, முதியவர் ஆகியோரைக் கொல்லலாகாது, ஆசிரமத்தில் இருப்போரை விட்டுவிட வேண்டும், கனி தரும் மரத்தை வெட்டலாகாது, குடியிருப்பை இடிக்கலாகாது, உணவுக்காகவன்றி ஆட்டையும் ஒட்டகத்தையும் அறுக்கலாகாது. பகைவனின் மரத்துக்கே பாதுகாப்பு உண்டென்றால் பேருந்தில் போகும் பயணிக்கு இல்லையா?

நான்காவது, உடன்படிக்கை. அப்பிள்ளையின் கேள்விக்கு இதுவே திறவுகோல். மார்க்கத்தின் விஷயத்தில் வேற்றிடத்து முஸ்லிம்கள் உதவி கேட்டால் உதவ வேண்டும். ஆனால் உங்களோடு உடன்படிக்கை செய்துள்ள சமூகத்துக்கு எதிராக அன்று என்று 8:72 வரையறுக்கிறது. ஹுதைபிய்யாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். உடன்படிக்கை பேசி முடித்த வேளையில், காலில் விலங்குடன் தப்பி வந்து விழுந்தார் அபூஜந்தல் (ரலி). முஸ்லிம்களின் கண்ணெதிரே ஒரு முஸ்லிம் விலங்கில்! நாயகம் (ஸல்) அவர்கள் கலங்கினார்கள். ஆனால் வாக்குத் தவறவில்லை. பொறுமை காக்குமாறும், அல்லாஹ் வழி திறப்பான் என்றும் ஆறுதல் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பத்ருக்கு முன்பு, போரில் சேரமாட்டோம் என்று குறைஷிகளிடம் வாக்களித்துவிட்டு வந்த ஹுதைஃபா (ரலி) அவர்களையும் அவர் தந்தையையும் வாக்கைக் காக்கும்படியே நாயகம் பணித்தார்கள். அன்று படையில் ஒவ்வோர் ஆளும் தேவைப்பட்ட நேரம்!

இந்நாட்டில் நாம் உடன்படிக்கையால் பிணைக்கப்பட்டவர்கள். 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தை ஆக்கிய சபையில், காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் ஸாஹிபும் உறுப்பினர். நமக்குக் குறைகள் இருப்பின், முறையிட நீதிமன்றமும், பேச மேடையும், வாக்களிக்கும் உரிமையும் அச்சட்டத்திலேயே உள்ளன. உடன்படிக்கை செய்த ஒருவரைக் கொன்றவர் சுவர்க்கத்தின் வாடையையும் நுகரமாட்டார் என்ற நபிமொழியை அறிந்தவர், அண்டை வீட்டார்மீது எப்படிக் கை ஓங்குவார்?

போரின் நியாயமான வடிவத்துக்கும் நம் பக்கத்தில் சான்றுண்டு. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் மலபார்க் கடலில் மரக்கலங்களை எரித்து, ஹாஜிகளைக் கொன்று, பள்ளிகளை இடித்தபோது, பொன்னானியின் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்னும் நூலை எழுதினார்கள். குஞ்ஞாலி மரைக்காயர்கள் கடலில் போரிட்டார்கள். எவருடைய கொடியின் கீழ்? கள்ளிக்கோட்டையை ஆண்ட சாமூதிரி என்னும் இந்து மன்னரின் கொடியின் கீழ்! ஆக்கிரமித்தவரை எதிர்த்து, ஆளும் அரசரின் ஆணையின்படி, களத்தில் நேருக்கு நேர் நடந்த போர் அது.

நம் காலத்தின் காயங்கள்

1997 இறுதியில் கோவையில் நடந்த கலவரத்தில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், கடைகள் சூறையாடப்பட்டன. அது பெரும் அநீதி. ஆனால் 1998 பிப்ரவரி 14இல் அதே நகரில் வெடித்த குண்டுகள் 58 உயிர்களைக் குடித்தன. அநீதி செய்தவனை விட்டுவிட்டு, வழியே சென்றவர்களைக் கொன்றன. ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்பது குர்ஆன் பலமுறை கூறும் சட்டம். பழி வாங்கியதாக நினைத்தவர்கள், பாதிக்கப்பட்ட சமுதாயத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள்.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் நாளன்று இலங்கையில், நம் மொழி பேசும் இளைஞர்கள், தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் தம்மையும் வெடிக்கச் செய்து 250க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். தொழுதுகொண்டிருந்தவர்கள் மடிந்தார்கள், குழந்தைகள் மடிந்தார்கள். தற்கொலை ஹராம், அப்பாவிகளைக் கொல்வது ஹராம், வணக்கத்தலத்தைத் தாக்குவது ஹராம். மூன்று ஹராம்களை ஒன்றாகக் கட்டி அதற்கு ஜிஹாது என்று பெயரிட்டார்கள். இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அவர்களுடைய உடல்களை ஏற்க மறுத்துவிட்டது. அதற்கு முன்பே, 2008இல் தேவ்பந்தில் கூடிய உலமாக்கள் பயங்கரவாதம் இஸ்லாத்துக்கு விரோதமானது என்று அறிவித்திருந்தார்கள். இவை நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகைக் கடற்கரையைச் சூறையாடியபோது, நாகூர் தர்கா நிர்வாகம் பிற சமயத்தவரின் உடல்களையும் அடக்கத் தன் நிலத்தைக் கொடுத்தது. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் வீடிழந்த மீனவக் குடும்பங்களுக்கு அன்றே உணவு சமைத்துக் கொடுத்து, நாட்கணக்கில் உடனிருந்தார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் கூரையையும் சாய்த்தபோதும் பள்ளிவாசல்கள் பசித்தவர்களுக்காகத் திறந்திருந்தன. அழுகிய உடலை அருவருப்பின்றித் தூக்குவதற்கு நஃப்ஸோடு போராட வேண்டும். அரிசிக்கும் எண்ணெய்க்கும் பொருள் வேண்டும். உறக்கமின்றி உழைக்க உடல் வேண்டும். உயிராலும் பொருளாலும் என்று குர்ஆன் சொன்னது அங்கே நிறைவேறியது.

பெற்றோர்க்கு ஒரு சொல்

அப்பெரியவரிடம் இவற்றையெல்லாம் நாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. மூன்று விஷயங்களைத்தான் சொன்னோம். பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள், அவன் உள்ளத்தில் இருப்பது பிறர் துன்பம் கண்டு எழும் இரக்கம், அது நல்ல விதை. போனைப் பிடுங்கி உடைக்காதீர்கள். கேட்கும் பேச்சை மாற்றிக் கொடுங்கள், நேரில் கேள்வி கேட்கக்கூடிய ஓர் ஆலிமிடம் உட்கார வையுங்கள். அவன் கையில் வேலை கொடுங்கள். மஹல்லாவில் எத்தனை விதவைகள், எத்தனை கடனாளிகள், பள்ளிப் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர் என்று அவனையே கணக்கெடுக்கச் சொல்லுங்கள் என்றோம்.

சில வாரங்களுக்குப் பின் பெரியவர் மறுபடியும் வந்தார். மகன் கணக்கெடுத்த நோட்டு அவர் கையில் இருந்தது. அதில் ஒரு பெயரைச் சுட்டிக்காட்டினார். அவருடைய சொந்தச் சித்தி மகள், கணவனை இழந்தவர், அடுத்த தெருவிலேயே இருக்கிறார். "இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை ஹஜ்ரத், பிள்ளை எழுதிக் கொண்டுவந்து காட்ட வேண்டியதாயிற்று. இந்த வருஷ நெல்லில் அவளுக்குரியதை அளந்து கொடுத்துவிட்டேன். மூட்டையை அவன்தான் தோளில் தூக்கிப் போனான்" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அந்தப் பிள்ளை இனி எந்தக் கேள்வியும் கேட்கமாட்டான் என்று நாம் சொல்லவில்லை. கேட்கட்டும். கேட்பதற்கு வீட்டில் ஓர் அத்தாவும், பள்ளியில் ஓர் ஆலிமும், செய்வதற்குக் கையில் ஒரு வேலையும் இருக்கட்டும்.

நம் பாதையில் பாடுபடுவோரை நம் வழிகளில் நடத்துவோம் என்பது ஸூரத்துல் அன்கபூத்தின் இறுதி வசனம் தரும் வாக்குறுதி. அந்தப் பாடுபடுதல் யாது என்பதை அறிந்து, அதைத் தம் இல்லத்திலிருந்தே தொடங்கும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும், நம் மக்களுக்கும் அருள்வானாக! ஆமீன்.